டிரெசர் வைத்திலிங்கத்தின் ஆறு கேள்விகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கிள்ளான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, புதிதாக வந்த நோயாளி ஒருவரிடம் ஊர் பேர் விசாரித்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டிரெசர் வைத்திலிங்கத்தின் அடுத்த வீட்டில் குடியிருக்கும் ரயில்வேக்காரர் படியேறி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "டிரெசர் போயிட்டாருங்க. காலையில காப்பி குடிச்சிட்டு நாற்காலியில உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கல," என்றார். அவரை உட்காரச் சொன்னேன். நோயாளி பாதியில் விட்ட வாக்கியத்தை முடிக்கச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டேன். பிறகு அந்தத் தாளைப் பார்த்தபோது, நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை.

ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸில் கூடும் நம் படிப்பு வட்டத்தாராகிய நீங்கள் அவரைக் கடைசி ஏழெட்டு ஆண்டுகளாகத்தான் அறிவீர்கள். கோலாலம்பூருக்கு மாற்றலாகி வந்தபின் பழகியவர்கள் நீங்கள். அதற்கு முன் கிள்ளானில் ஒன்பது ஆண்டுகள் நானும் அவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். அவர் டிரெசர், காயம் கட்டுவது, மருந்து கொடுப்பது, மருத்துவர் இல்லாத வேளையில் மருத்துவரின் கண்ணாக இருப்பது அவர் வேலை. நான் தமிழ் நோயாளிகள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்கும் மொழிபெயர்ப்பாளன். அவரைப் பற்றி எழுதுவதென்றால் அந்த ஆண்டுகளைத்தான் எழுத வேண்டும். அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அவர் உயிரோடிருந்தவரை, அவரைத் தவிர வேறு யாரிடமும் அதை நான் சொன்னதில்லை.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். மெலிந்த உடம்பு, நடையில் அவசரம் இருக்காது. நான் அவரை அண்ணே என்பேன். அவர் கடைசிவரை என்னை ‘நீர்’ என்றே அழைத்தார். மனோதத்துவப் புத்தகங்களைச் சீமையிலிருந்து தபாலில் தருவித்துப் படிப்பார். அட்டை அழுக்காகாமல் செய்தித்தாளைச் சுற்றி வைத்திருப்பார். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் மகிழ்ச்சி அடைவதற்குப் பதில் முகம் வாடிவிடும். ஒருநாள் ஏனென்று கேட்டேன். ஒருவர் மனிதரை இரண்டு வகையாகப் பிரிக்கிறார், இன்னொருவர் நான்கு என்கிறார், மூன்றாமவர் நூறு குணங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார், ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு சேர்த்துப் பார்க்க வழியே இல்லை என்றார். எல்லோரும் உழைத்திருக்கிறார்கள், ஆனால் எதுவும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரவில்லை என்று வருத்தப்பட்டார்.

அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீமைப் புத்தகங்களில் இருக்கும் குழப்பம் நம் ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று நினைத்தேன். எங்கள் மனநோய் வார்டின் குறிப்பேட்டிலும் அதே குழப்பம்தான் இருந்தது என்பதை அஞ்சலை வந்த பிறகுதான் கண்டேன்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அஞ்சலை என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வயது இருபத்தைந்து இருக்கும். கணவன் காய்ச்சலில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை, கங்காணி சொல்வதற்கு அடங்குவதில்லை, கையைப் பிடித்து இழுத்தவரைத் தள்ளிவிட்டாள், புத்தி பேதலித்திருக்கிறது என்று தோட்டக் கணக்கு எழுதும் கிராணியின் கடிதம் சொன்னது. அவளை முதலில் விசாரித்தவன் நான். பெயர் கேட்டேன். வயது கேட்டேன். தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்தபடி வாய்க்குள்ளேயே இரண்டு சொற்கள் சொன்னாள். அன்றைக்கு வரிசையில் இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். ‘பிடிவாதக்காரி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஐந்து மாதங்கள் அவள் அந்த வார்டில் இருந்தாள். அவளைப் பற்றி வார்டில் எழுதப்பட்ட சொற்கள் இன்றும் எனக்கு மனப்பாடம். தாதி, முகம் கொடுத்துப் பேசாதவள் என்று எழுதினாள். வார்டு உதவியாள் கள்ளி என்று சொல்லி, அதை என்னைக் கொண்டே ஆங்கிலத்தில் எழுதவைத்தான். வைத்திலிங்கம் அண்ணன் மந்தபுத்தி என்று எழுதியிருந்தார். மருத்துவர் இவற்றையெல்லாம் படித்துவிட்டு, வடக்கே உள்ள பெரிய மனநோய் விடுதிக்கு அனுப்பலாம் என்று ஒரு வரி எழுதினார். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

அனுப்புவதற்கு ஒரு வாரம் இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அண்ணன் என் மேசைக்கு வந்து ஒரு பெரிய தாளை விரித்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக் கட்டங்களாக்கியிருந்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆறு கேள்விகள். இந்த ஆள் மற்றவர்களோடு எப்படி, தனியே இருக்கையில் எப்படி, வேலையில் எப்படி, யாராவது தடுத்தால் எப்படி, எதற்கு அஞ்சுகிறார், நோய் வருமுன் எப்படி இருந்தார். மேலே வரிசையாக எங்கள் நால்வரின் பெயர்கள். ஐந்து மாதக் குறிப்புகளையும் பிரித்து அந்தந்தக் கட்டத்தில் எழுதியிருந்தார்.

"நீர் எழுதினது பிழை எண்டு நான் சொல்லேல்லை. நீர் எழுதினதையும் நான் எழுதினதையும் பக்கத்தில வைச்சுப் பார்க்க இதுவரைக்கும் ஒரு இடம் இல்லை எண்டுதான் சொல்லுறன்," என்றார்.

தாளைப் பார்த்தேன். முதல் வரியிலும் நான்காம் வரியிலும் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. எல்லாமே யாராவது அவளிடம் பேசியபோது அவள் செய்தவை. தனியே இருக்கையில் எப்படி என்ற வரியில் தாதி எழுதிய ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. துணியைக் கிழித்து ஒரு பொம்மை செய்து மடியில் வைத்திருந்தாள் என்பது அது. கடைசி வரி, நோய் வருமுன் எப்படி இருந்தார் என்பது, நான்கு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. ஐந்து மாதத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே அந்தத் தாளைப் பார்க்கும்வரை எங்களுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சைக்கிளில் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்த செம்மண் பாதை. பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அஞ்சலையின் அடுத்த வீட்டுக்காரி மாரியாயி துணி அலசிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் எழுந்து நின்றாள். அஞ்சலை முன்பு எப்படிப்பட்டவள் என்று அண்ணன் கேட்டார். இந்த லயத்திலேயே வாயாடி அவள்தான், பால்மரக் காட்டில் மூன்று நிரைக்கு அப்பால் நின்று பேசினாலும் அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று மாரியாயி சொன்னாள். பிறகு எப்போது மாறினாள் என்று கேட்டோம்.

"புருசனுக்கு வந்த காய்ச்சல் அவளுக்கும் வந்துச்சுங்க ஐயா. அவன் போயிட்டான், இவ பொழைச்சா. ஆனா காது போச்சு. பக்கத்துல வந்து கத்துனா ஏதோ கொஞ்சம் கேக்கும். அது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எங்களுக்குத் தெரியாது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தும் எங்களுக்குத் தெரியாது.

அவளுக்குக் குழந்தை உண்டா என்று அண்ணன் கேட்டார். பொம்மையைப் பற்றிய குறிப்பு அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது என்றாள் மாரியாயி. வேலை போய் ஊருக்குத் திரும்பிய உறவுக்காரக் குடும்பம் ஒன்று, தாய்க்குப் பைத்தியம் தெளியாது என்று கேள்விப்பட்டு, குழந்தையைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றாள். நாங்கள் போனதற்கு இருபது நாள் முன்பு அது நடந்திருந்தது.

திரும்பும் வழியில்தான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. முதல் நாள் அஞ்சலை வாய்க்குள் சொன்ன அந்த இரண்டு சொற்கள். "கேக்க மாட்டேங்குது" என்றாள் அவள். காது கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். கிராணியின் கடிதத்தை முதலில் படித்துவிட்டு உட்கார்ந்திருந்த என் காதில் அது "கேக்க மாட்டேன்" என்று விழுந்தது. நீ சொல்வதைக் கேட்கமாட்டேன் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தமிழ் தெரியும் என்பதற்காகவே அந்த நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவன் நான்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒருவேளை தேற்றுவார் என்றும் எதிர்பார்த்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. "உம்மட சொல்லைப் பார்த்துத்தான் மற்ற மூண்டு பேரும் எழுதினம். நானும் அவவின்ர முகத்தைப் பார்த்து எழுதேல்லை, உம்மட எழுத்தைப் பார்த்துத்தான் எழுதினனான்," என்று மட்டும் சொன்னார். பிறகு சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் அஞ்சலையின் முன் தரையில் உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே முகம் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, உரத்துப் பேசினார். அவள் அவர் உதடுகளையே பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். காது கேளாதவர்களுக்கு உள்ள அந்த மட்டுப்படாத குரலில், வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி பேசினாள். ஏன் இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாய் என்று அவர் கேட்டார்.

"ஆட்டலைன்னா கோவிச்சுக்குவீங்கன்னுதான்யா ஆட்டினேன். புள்ளைய எப்ப பாக்கலாம்னு கேட்டேனே, யாரும் ஒண்ணும் சொல்லலியே."

அண்ணன் அவளிடம் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் உரத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இதற்குமேல் அந்தக் காலையைப் பற்றி எழுத என்னால் இயலவில்லை.

ஊருக்கு மூன்று கடிதங்கள் எழுதினோம். பதில் வரவில்லை. தானே போய்த் தேடுகிறேன் என்று அஞ்சலை பிடிவாதமாக நின்றாள்; அந்தச் சொல் அவளுக்குப் பொருந்தியது அப்போதுதான். திருப்பி அனுப்பப்படும் தோட்டத்து ஆட்களோடு அவளுக்கும் கப்பலில் இடம் கிடைத்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். இவருக்குக் காது கேளாது, முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசவும் என்று அண்ணன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டையைக் கயிற்றில் கோத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை, மடியில் செருகிக்கொண்டாள். கப்பல் ஏறிய பிறகு அவளைப் பற்றி எந்தத் தகவலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. குழந்தை கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் தெரியாமலே போய்விட்டார்.

அதன்பிறகு அவர் அந்த ஆறு கேள்வித் தாளை விடவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோனார். டிரெசர் காயத்துக்குக் கட்டுப் போட்டால் போதும் என்று மருத்துவர் சிரித்தபடியே சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணன் கோபப்படவில்லை. ஆஸ்பத்திரித் தாளில் எழுதாமல், தம் சொந்தத் தாளில் கோடு போட்டு, வார்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் எழுதினார். எங்களையும் எழுதவைத்தார். ஓராண்டுக்குப் பின் அதே மருத்துவர், ஒரு நோயாளியைப் பற்றிச் சந்தேகம் வந்தபோது, வைத்திலிங்கத்தின் தாளைக் கொண்டுவா என்று தாதியிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டோம். நான் துள்ளிக் குதித்தேன். அண்ணன் தலையசைத்ததோடு சரி.

எனக்கும் அந்தத் தாள்மேல் ஒரு மயக்கம் வந்துவிட்டது. ஆறு கட்டத்தையும் நிரப்புவதில் வேகம் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் காலை வந்த நோயாளி ஒருவருக்கு அரைமணி நேரத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி அண்ணனிடம் நீட்டினேன். படித்துப் பார்த்தார். எதற்கு அஞ்சுகிறார் என்ற கேள்விக்கு நான் எழுதியிருந்ததைக் காட்டி, இதை அவர் உம்மிடம் சொன்னாரா என்று கேட்டார். நானாக ஊகித்ததுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியாததைத் தெரியாது எண்டு காட்டத்தான் இந்தக் கட்டம். நீர் அதையும் மூடிப்போட்டீர்," என்றார். அவர் என்னிடம் கடுமையாகப் பேசியது அந்த ஒருமுறைதான்.

கோலாலம்பூருக்குப் போனபின் நம் வட்டத்தில் அவர் படித்த கட்டுரை உங்களுக்கு நினைவிருக்கும். அன்று நானும் ரயிலில் வந்திருந்தேன். மனித இயல்பைப் பற்றிய படிப்புக்குப் புதுப் பெயர்களைவிட ஒரு பொது அமைப்பு முதலில் வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஆசிரியர் ஆரோக்கியசாமி எழுந்து ஆட்சேபித்தார். மனிதர்களைக் கட்டம் போட்டு அடைப்பது தவறு, என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், நாற்பது பேரும் நாற்பது விதம் என்று உணர்ச்சியோடு பேசினார். பலர் கைதட்டினார்கள். உண்மையில் எனக்கும் அவர் பேச்சுப் பிடித்திருந்தது.

அண்ணன் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து பதில் சொன்னார். "நாற்பது விதம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் மாஸ்டர்? எல்லாரையும் ஒரே மாதிரிக் கேட்டுப் பார்த்தபடியால்தானே தெரியும்? காய்ச்சல் நூற்றிரண்டு எண்டு கிள்ளானில எழுதினால் கோலாலம்பூரிலயும் அது நூற்றிரண்டுதான். பிடிவாதம் எண்டு கிள்ளானில எழுதினால் இஞ்ச அதுக்கு என்ன அர்த்தம்? எழுதினவனைக் கேட்டால்தான் தெரியும். எழுதினவன் செத்துப்போனால் அந்த அறிவும் அவனோட போயிடும்."

ஆறு கேள்விதான் சரி என்று அவர் சொல்லவில்லை. ஐந்தாக இருக்கலாம், ஒன்பதாக இருக்கலாம், தம்முடைய கேள்விகளில் இரண்டு தவறாகவும் இருக்கலாம் என்றார். எல்லோரும் ஒரே இடத்தில் எழுதினால்தான் எது தவறு என்பதே ஒருநாள் தெரியவரும், தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தால் எல்லோரும் கடைசிவரை சரியாகவே இருப்போம் என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. அவர் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அஞ்சலையைப் பற்றி எழுதிய நாங்கள் நால்வரும் ஐந்து மாதம் சரியாகவே இருந்தோம். அந்தக் கூட்டத்தில் அவர் அவள் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் சொல்லியாக வேண்டும் என்பதால் விட்டுவிட்டார் என்று நான் நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை பகல் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன். வீட்டு வாசலில் ரயில்வேக்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் நின்றார்கள். ஆரோக்கியசாமி மாஸ்டர் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு ரயில்வேக்காரர், டிரெசரைப் போலக் கேலி பேசுகிறவர் இந்தத் தெருவில் இல்லை என்றார். நான் அவர் கேலி பேசிக் கேட்டதே இல்லை. மாஸ்டர், அவர் விட்டுக்கொடுக்காத மனிதர் என்றார். அண்ணனின் மனைவி தங்கம்மா அக்காவிடம் நான் எதையோ சொல்லித் தேற்ற முயன்றேன். அவருடைய பொறுமை யாருக்கும் வராது என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொறுமையோ? வீட்டில சட்டெண்டு கோவம் வந்திடும் அவருக்கு. பிறகு பின்வளவில போய் நிண்டு தனக்குள்ளயே கதைப்பார். பயந்த மனுசன், தம்பி. தான் ஏதோ பிழை செய்துபோட்டன் எண்டு எப்பவும் ஒரு பயம்," என்றார்.

பதினேழு ஆண்டுப் பழக்கத்தில் அந்தப் பயத்தை நான் கண்டதில்லை. என்ன பிழை என்று அவர் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை. அஞ்சலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அங்கேயே, உடலை எடுப்பதற்கு முன், அக்காவிடம் சொன்னேன். முதல் சொல்லை எழுதியவன் நான் என்பதையும் சொன்னேன். கேட்டு முடித்த அக்கா, "என்னட்டச் சொல்லியிருக்கலாம்," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. இருவரையும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் எழுதிய தாள்களை அக்கா ஒரு தகரப்பெட்டியில் வைத்திருக்கிறார். நம் வட்டத்தார் அவற்றைப் பகுத்து வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். புத்தகங்களை மாஸ்டர் வாங்கிக்கொள்ளட்டும். அண்ணனோடு வாதாட மாஸ்டருக்கு இனி அவைதான் துணை.

எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வேறு. இத்தனை ஆண்டுகளில் அங்கில்லாத ஒருவரைப் பற்றி, ‘அவன் அப்படித்தான்’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நாமெல்லாம் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அவர் இறந்தபின் அந்தச் சொல் என் வாய்க்கு இரண்டு முறை வந்தது. ஒருமுறை விழுங்கிவிட்டேன். மறுமுறை சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் அவர் எனக்குக் கொடுத்தது. அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.